கோழிக்கூடும் பிரதேச சபையும்

(வன்னிக் கிளை உறுப்பினர்களும் மலையகத் தோட்டங்களிலிருந்து வந்திருந்த தலைவர்மாரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே, சகோதரிகளே, மலையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து தூக்கக் கலக்கத்தோடு இருக்கும் தலைவர்மாரே,

சம்பளம், ஊழியர் சேமலாப நிதி, வீடு, காணி என்று பேச வேண்டிய மேடையில் நாங்கள் கோழியைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறோம். பின்வரிசையில் சிரிப்புக் கேட்கிறது. சிரியுங்கள். ஆனால் சிரிப்பவர்களின் வீட்டில் நேற்று யார் முட்டை பொரித்தது, அந்த முட்டை எந்த வளவிலிருந்து வந்தது என்பதையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். வன்னியில் இப்போது உள்ளூராட்சி சபைகள் மீண்டும் கூடுகின்றன. 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருடங்களுக்கு மேலாக உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை, செயலாளர்மாரே நடத்தினார்கள். 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்த பிறகுதான் தவிசாளர், உறுப்பினர், மாதக் கூட்டம் எல்லாம் திரும்பி வந்தன. இரண்டு வருடம் சொல்ல இடமில்லாமல் கிடந்த முறைப்பாடுகள் எல்லாம் இப்போது சபைக்கு வருகின்றன: வீதி விளக்கு, குப்பை, வடிகால், எல்லாவற்றுக்கும் முன்னால் கட்டாக்காலி மாடு. மாட்டைப் பிடிக்கிற சபை கோழிக்கும் ஆட்டுக்கும் ஒரு சட்டம் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் எங்கள் ஊர்களிலேயே இருக்கிறார்கள். தேநீர்க் கடையிலும் கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் இந்தப் பேச்சுக் கேட்கிறது. பேச்சாக இருக்கும்போதே நாங்கள் இதைக் கையில் எடுக்க வேண்டும். உபவிதியாக எழுதி வர்த்தமானியில் வந்த பிறகு கூட்டம் போட்டுப் பயனில்லை.

முறைப்பாடு சொல்பவர்களை நாங்கள் எதிரியாகப் பார்க்கவில்லை. ஏ9 வீதியில் இரவில் மோட்டார் சைக்கிளில் வருகிறவன் இருட்டில் படுத்திருக்கும் மாட்டில் மோதினால் என்ன நடக்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். காலபோக விதைப்பு நேரத்தில் வயலுக்குள் மாடு இறங்கினால் ஒரு குடும்பத்தின் வருடச் சோறு போய்விடும். மேய்ச்சல் தரை என்று ஒதுக்கித் தாருங்கள் என்று மாடு வளர்ப்பவர்கள் எத்தனையோ வருடமாகக் கேட்கிறார்கள். அதுவும் நியாயம், பயிர்க்காரரின் கோபமும் நியாயம். கோழியிலும் இதே மாதிரித்தான். கஷ்டப்பட்டு மிளகாய் நாற்றுப் போட்டு வைத்திருக்கும் பாத்தியைப் பக்கத்து வீட்டுக் கோழி காலையில் வந்து கிளறிப்போட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? ஒரு வளவில் ஐந்நூறு இறைச்சிக்கோழி வளர்த்து, எருவை அள்ளாமல் போட்டு, ஈயும் நாற்றமும் அயல் வீட்டுச் சமையலறைக்குப் போனால் அந்த வீட்டுப் பெண் எங்கே போய்ச் சொல்வாள்? சபையிடம்தான். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரத்தைச் சபையின் பொறுப்பில் வைத்திருக்கிறது. ஆகவே சபைக்கு அதிகாரம் இல்லை என்று நாங்கள் வாதாடப் போவதில்லை.

எங்கள் கேள்வி வேறு. ஐந்நூறு கோழிக்கு எழுதுகிற விதியை ஐந்து கோழிக்கும் எழுதிவிடுவார்களா? எழுதினால் யாருடைய கூடு முதலில் காலியாகும்?

இதைச் சொல்ல, நாங்கள் எப்படி இந்த மண்ணுக்கு வந்தோம் என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இளம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. 1958இல் அடிபட்டு வந்த குடும்பங்கள் உண்டு. காணிச் சீர்திருத்தத்துக்குப் பிறகு, 1973, 74 பஞ்சத்தில், தோட்டத்தில் மா இல்லை, அரிசி இல்லை, வேலை நாளும் குறைந்து, நடந்தும் லொறியிலும் வவுனியாவுக்கு வந்தவர்கள் உண்டு. 1977 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள் இன்னும் அதிகம். அப்போது காந்தியம் அமைப்பு வவுனியாப் பக்கத்தில் எங்களைக் குடியேற்றியது. கிளிநொச்சியில் மலையாளபுரம், கிருஷ்ணபுரம், பாரதிபுரம், தொண்டமான்நகர் என்று போனால் லயத்துப் பேச்சு இன்றும் காதில் விழும். காட்டை வெட்டிக் குடியிருந்தோம். மற்றவர்களின் வயலிலும் தோட்டத்திலும் கூலி வேலை செய்தோம். பிறகு யுத்தம் எல்லோரோடும் சேர்த்து எங்களையும் துரத்தியது. 2009க்குப் பிறகு செட்டிக்குளம் முகாம்களில் கிடந்து, திரும்பி வந்து பார்த்தபோது கூரையும் இல்லை, வேலியும் இல்லை.

அந்த நேரத்தில் வாழ்வாதார உதவி என்று கொடுக்கப்பட்டவற்றில் கோழிக்குஞ்சும் ஒன்று. சிலருக்குத் தையல் மெஷின், சிலருக்கு ஆடு, எங்களில் பலருக்குக் கோழி. வந்த குஞ்சில் பாதி கழிச்சலில் செத்தது, கொஞ்சம் கீரி பிடித்தது, பருந்து தூக்கியது. மிஞ்சியதை வைத்து ஊர்க்கோழியோடு கலந்து பெருக்கிக்கொண்டோம். குடும்பத்தைத் தனியாகத் தாங்குகிற பெண்களுக்கு அது எவ்வளவு உதவியது என்பதை இங்கே முன்வரிசையில் இருக்கும் அக்காமார் எங்களைவிட நன்றாகச் சொல்வார்கள்.

ஊர்க்கோழியின் கணக்கு எளிது. அது பண்ணைக்கோழி மாதிரித் தினமும் முட்டையிடாது. பத்துப் பன்னிரண்டு முட்டை போடும், அடைக்கு உட்காரும், 21 நாளில் குஞ்சு பொரிக்கும், பிறகு இரண்டு மாதம் குஞ்சோடு திரியும். வருடத்தில் மூன்று, மிஞ்சினால் நான்கு தடவைதான் முட்டை. ஆனால் அதற்குத் தீன் வாங்கத் தேவையில்லை. குறுணல், தவிடு, மிஞ்சிய சோறு, மழைக்காலத்தில் கறையான் புற்றிலிருந்து ஒரு கட்டி. மீதியை அதுவே தேடிக்கொள்ளும். அதனால்தான் ஏழை வீட்டில் ஊர்க்கோழி நிற்கிறது. ஒரு சேவலைத் திருவிழாக் காலம்வரை வைத்திருந்து விற்றால் பிள்ளையின் சப்பாத்துக்கு ஆகும். கிழமைக் கடன் கட்டுகிற நாளில் கையில் காசில்லாவிட்டால் பேடு ஒன்றைப் பிடித்துக் காலைக் கட்டிக் கடைக்குக் கொண்டுபோகலாம். வங்கியில் எங்களுக்கு இல்லாத கணக்கு கூட்டில் இருக்கிறது.

2022இல் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். தீன் இல்லை என்று பண்ணைகள் மூடின. அந்த வருடம் ஓகஸ்டில் அரசாங்கம் வெள்ளை முட்டைக்கு 43 ரூபா, சிவப்பு முட்டைக்கு 45 ரூபா என்று கட்டுப்பாட்டு விலை போட்டது. போட்டதும் கடைகளில் முட்டை மறைந்தது. 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை கொண்டுவந்தார்கள். முட்டைக்குக் கப்பல் விட்ட நாடு இது! அரச ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்வதற்காக 2022இல் வெள்ளிக்கிழமை லீவு கொடுத்ததும் இதே அரசாங்கம்தான். அப்போது வளவில் ஒரு கூடு இருந்த வீடு கொஞ்சம் மூச்சு விட்டது. பசி வந்தபோது வீட்டுத்தோட்டம் செய் என்று சொன்னவர்கள், பசி கொஞ்சம் தணிந்ததும் அனுமதிப்பத்திரம் எங்கே என்று கேட்கக் கூடாது.

எங்கள் பயம் அந்த அனுமதிப்பத்திரத்தில்தான் இருக்கிறது. சபை ஒரு விதி எழுதும்போது பெரும்பாலும் கேட்பது மூன்று விஷயம். எத்தனை உயிர்? கிணற்றிலிருந்தும் அயல் வீட்டிலிருந்தும் எவ்வளவு தூரம்? காணி யாருடையது? முதல் கேள்விக்கு நாங்கள் பதில் சொல்வோம். இரண்டாவதில் கஷ்டம் தொடங்கும். கால் ஏக்கர் என்றால் 40 பேர்ச். அதில் கூட்டைத் தள்ளிக் கட்டலாம். எட்டு, பத்துப் பேர்ச்சில் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்த வளவில் எங்கே தள்ளுவது? மூன்றாவது கேள்விதான் கழுத்தைப் பிடிக்கும். எங்கள் உறுப்பினர்களில் எத்தனையோ குடும்பம் நாற்பது வருடமாகக் குடியிருந்தும் கையில் காணிக் கடதாசி இல்லாமல் இருக்கிறது. வேறொருவரின் பெயரில் இருக்கிற மத்தியதர வகுப்புக் காணியில் குடியிருப்பவர்கள், காட்டுத் திணைக்களம் எல்லைக்கல் போட்ட இடத்தில் இருப்பவர்கள், அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பித்து வருடக்கணக்காகப் பிரதேச செயலகத்துக்கு நடப்பவர்கள். கோழி வளர்க்கக் காணி உறுதி காட்டு என்று ஒரு வரி எழுதினால் போதும். ஒரு கோழியையும் யாரும் பிடிக்கத் தேவையில்லை, நாங்களாகவே சட்டவிரோதமாகிவிடுவோம். பிறகு வேலிச் சண்டை வருகிற ஒவ்வொரு முறையும் அந்த வரியை எங்களுக்கு முன்னால் தூக்கிக் காட்டுவார்கள்.

மலையிலிருந்து வந்த தலைவர்மாருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. லயத்து வாசலில் கோழி நிற்பது புதிதல்ல. கவ்வாத்து வெட்டத் தொடங்கும்போது முனிக்குச் சேவல் கொடுத்து வளர்ந்த சனம் நாங்கள். மலையில் பஞ்சாரம் என்று சொன்னதை இங்கே கரப்பு என்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் தோட்டத்தில் கோழி வைக்கலாமா, மாடு வைக்கலாமா, எந்த மூலையில் மரக்கறி போடலாம் என்று சொன்னது சபை இல்லை. துரை சொன்னார். பிறகு கம்பனி சொன்னது. சபைக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லாமல் வைத்திருந்தார்கள். 1937இல் கிராமச் சங்கங்களுக்கான கட்டளைச் சட்டத்தைத் திருத்தியபோது தோட்டத்து இந்தியத் தொழிலாளிக்கு அதில் வாக்கில்லை. 1948இல் பிரஜாவுரிமையே போனது. அதைத் திரும்பப் பெற எத்தனை ஒப்பந்தம், எத்தனை சட்டம். கடைசியாக 2003இல்தான் மிஞ்சியிருந்தவர்களுக்கும் கிடைத்தது. வாக்கு வந்த பிறகும் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக நின்றது. தோட்டம் தனியார் இடம், சபைக் காசில் அங்கே ரோட்டுப் போட முடியாது என்று சொன்னார்கள். வாக்குக் கேட்க மட்டும் வந்தார்கள். 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது.

சபையின் சேவை தோட்டத்துக்குள் வந்தால் சபையின் விதியும் வரும். ஒரு சபை எழுதிய உபவிதியைப் பார்த்து இன்னொரு சபை எழுதுவது வழக்கம். நியம உபவிதி என்று பொதுவாக எழுதி வைத்ததைத் தீர்மானம் போட்டு அப்படியே ஏற்றுக்கொள்ளவும் 1952ஆம் ஆண்டிலிருந்து சட்டத்தில் இடமிருக்கிறது. இன்று கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு வரி எழுதினால், அது நாளை நுவரெலியாவுக்குப் போகப் பஸ் தேவையில்லை. ஏழு பேர்ச்சில் தனி வீடு கட்டிக் குடியேறியிருக்கும் உங்கள் உறுப்பினர்களிடம் கிணற்றிலிருந்து இத்தனை அடி, அயல் வீட்டிலிருந்து இத்தனை அடி என்று கேட்டால் கோழிக்கூட்டை வீட்டுக் கூரையில்தான் வைக்க வேண்டியிருக்கும்.

வெளிநாட்டிலும் இது பெரிய விவாதம். எங்கள் உறவுகள் நிறைந்திருக்கும் ரொறன்ரோ நகரத்தில் வீட்டில் கோழி வளர்க்கத் தடை. 2018இல் பரீட்சார்த்தமாக நகரின் சில வட்டாரங்களில் மட்டும் அனுமதித்தார்கள்: ஒரு வீட்டுக்கு நான்கு பேடு, சேவல் கூடாது, நகர சபையில் பதிவு, வந்து பார்த்துச் சோதிப்பார்கள். எங்கள் சனம் அதிகமாக வாழும் ஸ்காபரோ அந்தப் பட்டியலில் இல்லை. சில வருடத்தில் அதையும் நிறுத்திவிட்டார்கள். அங்கே அது பொழுதுபோக்கு, ஒரு சிலரின் ஆசை. அந்த ஊர் விதியைப் பார்த்து இங்கே எழுத முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கேயும் பண்ணை வேறு, வளவு வேறு என்று பிரித்துத்தான் பேசினார்கள்.

இங்கேயும் பிரிக்கச் சட்டம் இருக்கிறது. மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் வளர்க்கும் பண்ணைகளுக்கே. உண்மையில் தொல்லை என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இருக்கிறார். அதையும் மீறினால் 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி பொதுத் தொல்லையை அகற்றும்படி நீதவான் கட்டளையிடலாம். அயலவர் சண்டைக்கு மத்தியஸ்த சபை இருக்கிறது. சட்டத்தரணி தேவையில்லை, இரண்டு பக்கமும் கதிரை போட்டு உட்கார்ந்து பேசலாம். கிளறிய பாத்திக்கு நட்டஈடாக நாற்றுக் கொடு, கோழியைக் காலை ஒன்பது மணிவரை அடைத்து வை என்று முடிகிற விஷயத்துக்கு வர்த்தமானி எதற்கு?

ஆகவே சபை எழுதத்தான் போகிறது என்றால் தொல்லையைப் பற்றி எழுதட்டும். எருவை மூடி வை, செத்த கோழியை வாய்க்காலில் போடாதே, கழித்த குடலை வீதியோரம் கொட்டாதே, இரவில் கூட்டில் அடை. இவற்றை நாங்களே ஆதரிப்போம். குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் குறைந்த வீட்டுக் கோழிக்கு அனுமதியும் கட்டணமும் இல்லை என்று விதியிலேயே ஒரு வசனம் இருக்க வேண்டும். காணிக் கடதாசியைக் கோழியோடு முடிச்சுப் போடக் கூடாது. குடியிருப்பதற்குச் சான்றாகக் கிராம அலுவலரின் கடிதமோ வாக்காளர் இடாப்போ போதும். வவுனியா இப்போது மாநகர சபையாகிவிட்டது. நகரத்துக்குள் நெருக்கம் அதிகம், அங்கே விதி கொஞ்சம் இறுகத்தான் செய்யும், அதைத் தனியாகப் பேசலாம். கிளிநொச்சி நகரம் இன்னும் கரைச்சிப் பிரதேச சபைக்குள்தான் இருக்கிறது. நகரத்துக் கடைத்தெருவும் மலையாளபுரத்து வளவும் ஒரே சபையின் கீழ். கடைத்தெருவுக்குப் பொருந்துகிற விதியை வளவுக்கு எழுதிவிடாமல் பார்க்க வேண்டிய இடம் அது.

எங்கள் பக்கத்திலும் செய்ய வேண்டியது இருக்கிறது. கழிச்சல் வந்தால் ஒரு வீட்டோடு நிற்காது, ஒழுங்கை முழுக்கச் சாகும். தடுப்பு மருந்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்கலாம். தனி வீட்டுக்காகப் போத்தல் உடைக்கத் தயங்குவார்கள். ஒழுங்கையாகச் சேர்ந்து பெயர் கொடுத்தால் வருவார்கள். ஒவ்வொரு கிராமத்திலும் இரண்டு பெண் உறுப்பினர்கள் இதைப் பொறுப்பெடுக்க வேண்டும். ஒழுங்காக அடைத்து, மருந்து போட்டு வளர்க்கிறோம் என்று சபையில் சொல்ல அதுவே எங்கள் ஆதாரம்.

சபைக்குள் எப்படிப் போவது? உபவிதி ஒரே நாளில் பிறப்பதில்லை. வரைவு எழுதி, சபையில் தீர்மானம் எடுத்து, மாகாண மட்டத்தில் அங்கீகாரம் வாங்கி, வர்த்தமானியில் வந்தால்தான் செல்லும். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்துவிட்டதால் அமைச்சர் இருக்க வேண்டிய இடத்தில் ஆளுநர் இருக்கிறார். அங்கே எங்கள் குரல் போய்ச் சேர்வது கடினம். அதனால் பேச வேண்டிய இடம் பிரதேச சபைதான். சபை அமைக்கும் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊர்ச் சனத்தையும் சேர்க்கலாம் என்று சட்டமே சொல்கிறது. எங்களில் இருவரைச் சேருங்கள் என்று எழுதிக் கேட்போம். கூட்டக் குறிப்பையும் வரைவையும் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருகிறோமா இல்லையா என்று தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். சபைகளில் கால் பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்ற சட்டத்தால் 2018இலிருந்து பெண் உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் அவர்களில் பலர் வீட்டிலும் கோழி நிற்கும். முதலில் அவர்களைச் சந்திப்போம்.

இன்று கூட்டம் முடிந்து போகும்போது வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். வீட்டில் எத்தனை கோழி, வளவு எத்தனை பேர்ச், கையில் என்ன காணிக் கடதாசி, கடைசியாக மருந்து போட்டது எப்போது என்று நான்கு நிரல். பெயர் எழுத விருப்பமில்லாதவர்கள் கிராமத்தின் பெயரை மட்டும் எழுதினால் போதும். மலைத் தலைவர்மாருக்கும் அதே கொப்பியில் ஒன்று கொடுத்துவிடுகிறோம். ஒவ்வொரு டிவிசனிலும் நிரப்பி அடுத்த மாதத்துக்குள் அனுப்புங்கள். சபைக்குக் கொடுக்கும் கடிதத்தை அந்தக் கணக்கை வைத்துத்தான் எழுதப் போகிறோம்.